41-ஆம் பக்கத்துச் சிவப்புக் கோடு: அறிவியல் புனைகதைப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் ஆறாவது விதியைப் பற்றித்தான் எழுதுகிறேன். 'மத நம்பிக்கை சார்ந்த படைப்புகள் ஏற்கப்படமாட்டா' என்ற அந்த ஒற்றை வரியால் எத்தனை கதைகள் திரும்பிப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது என்னுடையது மட்டும்தான். அதுவும் இரண்டு முறை. முதல் முறை காரணம் சொல்லாமல் திருப்பினீர்கள், பேசாமல் இருந்துவிட்டேன். இந்த முறை பிரதியோடு காரணமும் வந்திருக்கிறது.

41-ஆம் பக்கத்தில், ஒரு கிழவி மண்டியிட்டு வேண்டிக்கொள்ளும் நான்கு வரிகளுக்குக் கீழே சிவப்புக் கோடு. ஓரத்தில் ஒரு கேள்வி: 'அறிவியல் கதையில் பிரார்த்தனைக்கு என்ன வேலை?'

கேள்விக்குறி போட்டுக் கேட்டிருப்பதால் பதிலை எதிர்பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கதை நடக்கும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். 41-ஆம் பக்கம் வரைக்குமாவது ஒருவர் படித்திருக்கிறாரே. சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்சிமா சென்டாரி. நம்மிடமிருந்து 4.24 ஒளியாண்டு, அதாவது ஒளியே அங்கே போய்ச் சேர 4.24 வருடம் ஆகும். மங்கலான, சிவந்த விண்மீன். அதைச் சுற்றும் கோள் ஒன்று 2016-இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு சுற்றுக்கு 11.2 நாள்தான். விண்மீனை அவ்வளவு ஒட்டிச் சுற்றுவதால், நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல அந்தக் கோளும் தன் விண்மீனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அங்கே ஒரு பாதி முடியாத பகல், மறுபாதி முடியாத இரவு, நடுவில் ஒரு மெல்லிய அந்திப் பட்டை. என் மனிதர்கள் அந்தப் பட்டையில் குடியிருக்கிறார்கள். அவர்களுடைய சூரியன் அடிவானத்தைத் தொட்டபடி அப்படியே நிற்கிறது. உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை.

பூமியிலிருந்து அவர்கள் கொண்டுபோன நம்பிக்கையில் ஒரு கட்டளை உண்டு: ஆறு நாள் உழை, ஏழாம் நாள் சூரியன் மறைந்ததும் கும்பிடு. சூரியனே மறையாத இடத்தில் இதை எப்படிக் காப்பாற்றுவது? இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் என் உலகம் முழுவதும் முளைத்தது. ஆறு வருடம் அதைக் கட்டினேன். வேலை முடிந்து வந்து, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு.

கணக்கைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சூரியன் மறையவில்லை என்றால் என்ன, நாம் நகர்ந்தால் மறையும். இருட்டுப் பக்கமாக நடக்க நடக்க அது அடிவானத்துக்குக் கீழே இறங்கும். அந்தக் கோளிலிருந்து பார்த்தால் அதன் விண்மீன், நாம் பார்க்கும் சூரியனைப் போலச் சுமார் மூன்று மடங்கு அகலமாகத் தெரியும். ஏறக்குறைய 1.7 பாகை. கோள் பூமியின் அளவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். அப்போது 111 கிலோமீட்டர் நடந்தால் விண்மீன் ஒரு பாகை கீழே இறங்கும். அடிவானத்தைத் தொட்டு நிற்கும் விண்மீன் முழுதாக மறைய வேண்டுமானால் 190 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடக்க வேண்டும். மூட்டை முடிச்சோடு போகும் கூட்டம் நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போனால் ஆறு நாள் ஆகிவிடும். ஏழாம் நாள் அவர்கள் இருட்டில் நிற்பார்கள்.

இந்த ஆறையும் ஏழையும் நான் திட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. கணக்கு அப்படி வந்து விழுந்த இரவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். (போய்த் திரும்பப் பதின்மூன்று நாள் ஆவதால், ஒரு யாத்திரை முடிவதற்குள் 11.2 நாள் கொண்ட அந்த ஊர் வருடம் ஒன்று ஓடிப்போயிருக்கும் என்பது தனி வேடிக்கை.)

இந்த நடை எல்லோருக்கும் உடன்பாடா? இல்லை. கப்பலில் வந்த கடிகாரத்தைப் பார்த்துக் கும்பிட்டால் போதும் என்று ஒரு கூட்டம். நடந்து போய் மறைய வைத்தால்தான் மறைவு என்று இன்னொரு கூட்டம். பூமியில் இருக்கும் பெரியவர்களைக் கேட்டுவிடலாம் என்று ஒருவர் செய்தி அனுப்புகிறார். கேள்வி போய்ச் சேர நாலேகால் வருடம், பதில் வர நாலேகால் வருடம். பதில் வரும்போது கேட்டவர் உயிரோடு இல்லை, சண்டை மட்டும் இருக்கிறது.

இதெல்லாம் என் கற்பனைக் கொழுப்பு என்று நினைத்தால், நிஜத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பூமியைத் தாழ்வாகச் சுற்றும் விண்கலம் ஒரு சுற்றை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். ஒரே நாளில் பதினாறு முறை சூரியன் உதித்து மறையும். 2003-இல் கொலம்பியா விண்கலத்தில் சென்ற இஸ்ரேலிய வீரர் இலான் ரமோன், யூதர்களின் ஓய்வு நாளை அங்கே எப்படிக் கணக்கிடுவது என்று மதப் பெரியவர்களிடம் கேட்டார். விண்கலம் கிளம்பிய கேப் கனாவரல் நேரப்படி என்று பதில் வந்தது. 2007-இல் மலேசியாவின் ஷேக் முஸாஃபர் ஷுக்கூர் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனார். அது ரமலான் மாதம். தொழுகை நேரத்துக்கும் திசைக்கும் அந்த நாட்டு மத அறிஞர்கள் முன்கூட்டியே வழிகாட்டிக் குறிப்பு எழுதினார்கள். நேரத்துக்கு அவர்கள் சொன்னதும் அதே பதில்தான்: புறப்பட்ட இடத்து நேரம். திசை தெரிந்தால் மக்காவை நோக்கு, முடியாவிட்டால் பூமியை நோக்கு, அதுவும் முடியாவிட்டால் எந்தப் பக்கமானாலும் சரி. இரண்டு மதத்துப் பெரியவர்கள் தனித்தனியே யோசித்து ஒரே கடிகாரத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். அறிவியல் கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல விதை எங்கே கிடைக்கும்? விண்வெளியில் பிரார்த்தனைக்கு என்ன வேலை என்ற கேள்வியை நிஜ விண்வெளி வீரர்கள் எப்போதோ தாண்டிப் போய்விட்டார்கள்.

இனி அந்தக் கிழவி. அவளால் 190 கிலோமீட்டர் நடக்க முடியாது. வாழ்நாளில் ஒரு சூரிய மறைவைக்கூடப் பார்த்ததில்லை. அதனால் சன்னலுக்கு மேலே ஒரு கம்பளியைக் கட்டி, கடிகாரப்படி நாளுக்கு ஒரு சாண் கீழே இறக்குகிறாள். ஆறாம் நாள் கடைசிச் சாண். அறை இருண்டதும் மண்டியிடுகிறாள். அந்த வாரம் விண்மீன் சீறியிருக்கிறது, அதாவது திடீரென்று கதிர்வீச்சைக் கக்கியிருக்கிறது (பிராக்சிமா அடிக்கடி சீறும் விண்மீன், இதுவும் நான் சேர்த்ததில்லை). பகல் பக்கம் வேலைக்குப் போன பேரனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவனுக்காக வேண்டுகிறாள். 44-ஆம் பக்கத்தில் அவன் இறந்த செய்தி வருகிறது. 45-ஆம் பக்கத்தில் கம்பளியை மீண்டும் மேலே ஏற்றிக் கட்டி, முதல் சாணிலிருந்து தொடங்குகிறாள்.

கோடு போட்டவர் 44-ஆம் பக்கத்துக்கு வந்திருந்தால், நான் எந்த மதத்துக்கும் ஆள் பிடிக்கவில்லை என்பது தெரிந்திருக்கும். பிரார்த்தனை பலிக்காத பிரசாரக் கதையை நான் இதுவரை பார்த்ததில்லை.

முதல் பரிசு பெற்ற கதையையும் படித்தேன். நன்றாக இருந்தது, பொறாமைப்பட்டேன். அதில் ஒரு கப்பல் நாற்பது ஒளியாண்டை ஒரே பிற்பகலில் கடக்கிறது. எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. ஒளியைவிட வேகமாகப் போவதை இயற்பியல் அனுமதிப்பதில்லை. அந்தக் கப்பலுக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்ததா? ஒரு கிழவி தன் அறையில் மண்டியிடுவதை மட்டும் எந்த இயற்பியல் விதி தடுக்கிறது, எனக்கு விளங்கவில்லை.

அப்புறம், இந்தத் துறையில் மதமே வரக்கூடாது என்று எழுதிவைத்திருந்தாலும் பரவாயில்லை. வரலாம். பூசாரி திருடனாக வரலாம். மடத்தலைவர் விஞ்ஞானியைக் கொளுத்த வரலாம். மக்கள் ஆயிரம் வருடம் கும்பிட்ட தெய்வம் ஒரு பழுதான கணினி என்று கடைசிப் பத்தியில் தெரியவரலாம். அந்தக் கணினியை நான் எத்தனை கதைகளில் சந்தித்துவிட்டேன், இப்போதெல்லாம் முதல் பத்தியிலேயே நலம் விசாரித்துவிடுகிறேன். நம்பிக்கையோடு வாழும் சாதாரண மனுசி ஒருத்திக்குத்தான் இடம் இல்லை.

மறுபக்கமும் வாழவில்லை. உங்களிடமிருந்து முதல் முறை திரும்பியபோது இதே கதையை ஒரு பக்தி இதழுக்கு அனுப்பினேன். 'இறைவன் படைத்த உலகம் போதாதென்று நீங்கள் வேறு ஒன்றைப் படைக்கிறீர்களா? அறிவியல்காரர்களிடம் அனுப்புங்கள்' என்றார் ஆசிரியர். அறிவியல்காரர்கள் நீங்கள். ஒரு வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள், அடுத்த வாசலில் செருப்பில்லாமல் வரக்கூடாது என்கிறார்கள்.

கோபத்தில் ஒரு நியாயத்தை மறந்துவிடக்கூடாது. உங்கள் விதி எதற்காக வந்தது என்பது எனக்குப் புரிகிறது. கப்பல் எரிகிறது, கதாநாயகன் கண்ணை மூடி வேண்டுகிறான், இயந்திரம் தானாக ஓடுகிறது, எதிராளி மனம் திருந்துகிறான். அப்படிப்பட்ட கதைகள் உங்கள் மேசைக்கு மூட்டை மூட்டையாக வரும். தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். ஆனால் அவற்றின் குற்றம் நம்பிக்கையைப் பற்றிப் பேசியதில் இல்லை. தான் கட்டிய உலகத்தின் விதியை, தனக்கு வசதிப்பட்ட இடத்தில் தானே முறித்ததில் இருக்கிறது. ஆசிரியருக்குப் பிடித்த கடவுள் வந்து முறித்தாலும் குற்றம்தான், ஆசிரியருக்குப் பிடித்த இயந்திரம் வந்து முறித்தாலும் குற்றம்தான். அந்த அளவுகோலை எல்லோருக்கும் வையுங்கள், என் கதைக்கும் வையுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

புதிதாக எதையும் கேட்கவில்லை. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதை 1959-இல் பெற்ற நாவலின் நாயகர் ஒரு இயேசு சபைப் பாதிரியார், வேற்றுக் கோளுக்குப் போய்த் தன் நம்பிக்கையோடு மல்லுக்கட்டுகிறவர். 1961-இல் அதே விருதைப் பெற்றது, அணு ஆயுதப் போரில் நாகரிகம் அழிந்த பிறகு நூல்களைக் காப்பாற்றும் துறவிகளின் கதை. இரண்டும் உங்கள் ஆறாவது விதியில் தேறியிருக்காது. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ரும் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார்தான். அவருடைய கட்டுரை உங்களிடம் வந்திருந்தால் ஓரத்தில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்தேன். சரி, அது அதிகப்பிரசங்கித்தனம், மன்னித்துவிடுங்கள்.

வேண்டுகோளுக்கு வருகிறேன். அடுத்த அறிவிப்பு வெளியிடும் முன் ஆறாவது விதியைத் தயவுசெய்து திருத்துங்கள். 'மதப் பிரசாரம் ஏற்கப்படமாட்டாது' என்று எழுதினால் எனக்கு மறுப்பே இல்லை. 'நம்பிக்கை சார்ந்த' என்ற சொற்களை மட்டும் எடுத்துவிடுங்கள். முடியாது என்றால், முடியாததற்கான காரணத்தையாவது இரண்டு வரியில் எழுதுங்கள்.

கதையை மறுபடி அனுப்பி உங்களைத் தொந்தரவு செய்யப்போவதில்லை. 41 முதல் 45 வரை ஐந்து பக்கங்களை மட்டும் இத்துடன் இணைத்திருக்கிறேன். சிவப்புக் கோட்டை அழிக்கவில்லை. அதைப் போட்டவர் மீதி நான்கு பக்கங்களையும் படித்துவிட்டு, அந்த உலகத்தின் எந்த விதி எந்த வரியில் முறிகிறது என்று குறித்து அனுப்பினால் திருத்திக்கொள்கிறேன். சிவப்பு மையிலேயே எழுதலாம்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டவன்