கதவு அசைந்ததற்கா இந்தப் பயம்?

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வாத்தியார் போன வாரம் வந்தார், உன்னையும் விசாரித்தார், அந்தப் பழைய கணக்கையும் விசாரித்தார். பதில் நீயே சொல்லிக்கொள்.

'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற அமெரிக்கப் பேய்ப் படத்தைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். "ரெண்டு பேர் தூங்குறதை ஒன்றரை மணி நேரம் பாத்தேன், ஒரு கதவு ஆடுச்சு, இதுக்கா உலகமே அலறுச்சு?" என்று கேட்டாய். அதே பதிவின் கடைசியில், மறுநாள் அதைப் பார்த்த தங்கச்சி கூடத்து விளக்கை அணைக்கவே விடவில்லை என்றும் சொல்லிச் சிரித்தாய். சைக்கிள் ஸ்டாண்டில் பூனைக்குப் பயந்து ஓடியவன் இப்படிச் சிரிக்கலாமா? தங்கச்சியிடம் கேட்டேன். அவள் படுக்கையறையில், இருட்டில், ஹெட்ஃபோன் மாட்டிப் பார்த்திருக்கிறாள். நீ கூடத்தில் டியூப்லைட் எரிய, மின்விசிறி அஞ்சில் சுற்ற, ரிமோட்டைக் கையில் பிடித்தபடி பார்த்திருக்கிறாய். வித்தியாசம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ரசிகர்கள் இப்படி இரண்டாகப் பிரிவது அந்தப் படத்துக்குப் புதிதே இல்லை. ஓரன் பேலி என்ற மென்பொருள்காரர், சான் டியேகோவில் தன் சொந்த வீட்டிலேயே, 2006 அக்டோபரில் ஏழு நாளில் எடுத்து முடித்த படம். செலவு சுமார் 15,000 டாலர். வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. காட்சியின் போக்கைச் சொல்லிவிட்டு நடிகர்களையே பேசவிட்டார். 2007-இல் ஒரு திகில் பட விழாவில் திரையிட்டார்கள். பிறகு ட்ரீம்வொர்க்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அவர்களுக்கு இதையே பெரிய செலவில் மறுபடி எடுக்கத்தான் ஆசை. அதற்கு முன் இருப்பதை ஒருமுறை ரசிகர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று பேலியும் தயாரிப்பாளர் ஜேசன் ப்ளூமும் பிடிவாதமாக நின்றார்கள். போட்டார்கள். பாதியில் ஆட்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். படம் போச்சு என்று நிறுவனத்தார் நினைத்தார்கள். விசாரித்தபோதுதான், சலிப்பில் அல்ல, உட்கார முடியாத பயத்தில் எழுந்தார்கள் என்று தெரிந்தது. மறுபடி எடுக்கும் யோசனை அத்தோடு போயிற்று. எழுந்து போகிறவனின் முதுகைப் பார்த்து அவன் மனதில் என்ன என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

2009 செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவில் 13 கல்லூரி ஊர்களில், நடுநிசிக் காட்சியாக வெளியிட்டார்கள். "எங்கள் ஊருக்கும் வேண்டும்" என்று இணையத்தில் பத்து லட்சம் பேர் கேட்டால் நாடு முழுக்கத் திரையிடுவோம் என்றார்கள். கேட்டார்கள், அக்டோபர் 16 முதல் பரவலாக ஓடியது. ட்ரெய்லரில் படத்தைவிட அதிகமாகக் காட்டியது பார்வையாளர்களைத்தான்: இருட்டில் எடுத்த அரங்கு, நாற்காலியில் துள்ளுகிறவர்கள், முகத்தை மூடுகிறவர்கள். உலக வசூல் 19 கோடி டாலருக்கு மேல். ஆனால் அந்த ட்ரெய்லரே பின்னால் வந்தவர்களுக்குக் கெடுதலும் செய்தது. நடுநிசிக் கூட்டம் எதையும் எதிர்பார்க்காமல் வந்தது. மூன்று வாரம் கழித்து வந்தவர்கள் தாங்களும் துள்ள வேண்டும் என்று காத்திருந்தார்கள். காத்திருக்கிறவனைத் துள்ள வைப்பது கஷ்டம். நீ பதினைந்து வருடத்துப் புகழைச் சுமந்துகொண்டு உட்கார்ந்தாய்.

இப்போது அந்தக் கதவுக்கு வருகிறேன். படுக்கையறை ஷாட்டை ஞாபகப்படுத்திக்கொள். ராத்திரி வீட்டில் என்ன நடக்கிறது என்று பதிவு செய்ய வைத்த கேமரா ஸ்டாண்டில் அசையாமல் நிற்கிறது. வலப்பக்கம் கட்டில், அதில் கேட்டியும் அவள் காதலன் மைக்காவும் அசந்து தூங்குகிறார்கள். இடப்பக்கம் திறந்த கதவு, அதற்கப்பால் இருண்ட நடைவழி. மனிதர்கள் இருக்கும் பக்கம் எதுவும் நடக்காது என்பது சில நிமிடத்தில் கண்ணுக்குப் புரிந்துவிடும். ஆகவே கண் தானாக அந்தக் காலி நடையைத் தேடும். இயக்குநர் காட்டவில்லை, நீயே தேடுகிறாய். தேடிக் கண்டது என்பதால்தான் கதவு சில அங்குலம் அசைந்தாலே வயிறு கலங்குகிறது. கீழ் மூலையில் ஓடும் கடிகார எண் வேகமாக ஓடிச் சட்டென்று இயல்பு வேகத்துக்கு இறங்கும். இரண்டாம் மூன்றாம் இரவிலேயே அரங்கு இதைப் படித்துக்கொள்கிறது: எண் மெதுவானால் ஏதோ வருகிறது. அதன்பின் எண் இறங்கியவுடனே, திரையில் ஒன்றும் நடக்கும் முன்பே, ஜனம் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும். கேட்டி கட்டிலருகே நின்றபடி மைக்காவையே பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியில் இதே எண்ணைத் திருப்பிப் போடுகிறார்கள்: மெதுவாவதற்குப் பதில் ஓடுகிறது, அவள் நிற்கிறாள், இரண்டு மணி நேரம் நிற்கிறாள். கீழே ஓடும் அந்த எண்ணை நீ ஒருமுறையாவது பார்த்தாயா?

அடுத்தது ஒலி, இதுதான் என் துறை, கொஞ்சம் பொறுத்துக்கொள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் சற்று முன்னால் அடிமட்டத்தில் ஓர் உறுமல் எழும். மெலிந்த டிவியின் ஸ்பீக்கர் 100 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 100 அதிர்வு; எண் குறையக் குறைய ஒலி தாழும்) கீழே ஏறக்குறைய ஊமை. போன் ஸ்பீக்கர் 300-க்குக் கீழேயே தடுமாறும். டிவி கொஞ்சநஞ்சம் எழுப்பியதையும் உன் மின்விசிறியின் இரைச்சல் விழுங்கியிருக்கும். ஹெட்ஃபோனில் தங்கச்சிக்கு அது முழுதாகக் கேட்டது. காதுக்கே கேட்காத ஒலியால் பயமுறுத்துகிறார்கள் என்று சிலர் சொல்வதை நம்பாதே. இங்கிலாந்தில் விக் டான்டி என்ற பொறியாளர், தம் ஆய்வகத்தில் ஆவி உலவுவது போன்ற உணர்வுக்கு ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸில் அதிர்ந்த ஒரு மின்விசிறி காரணம் என்று 1998-இல் எழுதியது உண்மைதான். ஆனால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சாதாரண வீட்டு ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. கேட்கிற உறுமலே போதும்.

"பேய் யாரு, எதுக்கு வந்துச்சுன்னு சொல்லவே இல்லையே" என்ற உன் குறை நியாயமானது. நம் படங்களில் பேய்க்கு ஓர் அநியாயச் சாவு உண்டு, இடைவேளைக்குப் பிறகு பாட்டோடு ஒரு ஃபிளாஷ்பேக் உண்டு, பழி தீர்ந்ததும் நிம்மதி உண்டு. இதில் வருவது செத்தவரின் ஆவியே அல்ல என்று படத்தில் வரும் ஆவி நிபுணர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். தீர்க்கப் பழி எதுவும் கிடையாது. எட்டு வயதிலிருந்து அது கேட்டியைத் தொடர்கிறது, வீட்டை அல்ல. "வீட்டை விட்டு ஓடித் தொலைய வேண்டியதுதானே" என்ற கேள்விக்கும் அதுவே பதில். மைக்கா மேல் உனக்கு வந்த எரிச்சல் படம் வேண்டுமென்றே மூட்டுவது. ஆவியோடு பேசுவதற்கான ஊய்ஜா பலகை வாங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வாங்கவில்லை, இரவல்தான் என்கிறான் பார், அவனை ரசிகன் மன்னிக்கவே கூடாது என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

மாப்ளே, ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பொடியன் கேட்கிறான் என்று அவனுக்குப் போட்டுவிடாதே. கோரமுகப் பேயைப் பிள்ளைகள் நாலு நாளில் மறந்துவிடும். இந்தப் படம் பயத்தை மாட்டிவைக்கும் இடம் கட்டில், போர்வைக்கு வெளியே நீட்டிய கால், பாதி திறந்த கதவு. தினமும் ராத்திரி அவன் போய்ப் படுக்க வேண்டிய இடம் அது. அமெரிக்காவிலேயே 17 வயதுக்குக் கீழே பெரியவர் துணையில்லாமல் விடாத படம். இதில் உன் செல்லத்தைக் காட்டாதே.

நீ இன்னொரு முறை பார். தெரு அடங்கிய பிறகு, பத்தரைக்கு மேல். மின்விசிறியை ஒன்றில் வை, சுவர்க் கடிகாரத்தை அடுத்த அறைக்கு மாற்று. உன் 43 அங்குல டிவிக்கு ஐந்தடி தூரத்தில் உட்கார். பத்தடியில் கதவின் விளிம்பு தெரியாது. டிவி அமைப்பில் அசைவை வழவழப்பாக்கும் வசதியையும், இருட்டைத் தானாக வெளுக்கும் வசதியையும் அணை. ஒலியில் நைட் மோட் இருந்தால் அதையும் அணை; மெல்லியதை உயர்த்தி உரத்ததை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். இணைய வேகம் குறைந்தால் இருட்டு நடை கட்டம் கட்டமாக உடைந்து ஊரும்; கண் அங்கேதானே தேடுகிறது, பயமெல்லாம் அதில் போய்விடும். முன்பே முழுதாக இறக்கிவைத்துக்கொள். நல்ல ஹெட்ஃபோன் போதும். சின்ன மாமாவின் சப்வூஃபரைக் கொண்டுவருவதாக இருந்தால் சுவரை ஒட்டி வை, அறை மூலையில் வைக்காதே. மூலையில் உறுமல் ஊதிப்போய் பீரோ கதவு கடகடக்கும், எது படம் எது பீரோ என்று தெரியாது. முதல் பகல் காட்சியில் இருவரும் பேசும் குரல் எதிரில் இருப்பவர் பேசுவது போலக் கேட்கும்படி ஒலியை வைத்துவிட்டு, ரிமோட்டை எட்டாத இடத்தில் போடு. பெரும்பாலோர் கெடுப்பது இங்கேதான்: இரவுக் காட்சி அமைதியாக இருக்கிறதே என்று கூட்டுவார்கள், அடி விழுந்ததும் குறைப்பார்கள், படம் கட்டியது அத்தனையும் கலைந்துவிடும். 86 நிமிடமும் நிறுத்தாமல் பார்.

பார்த்த பிறகு, எந்த இரவிலிருந்து நடைப்பக்கம் பார்க்க ஆரம்பித்தாய் என்று தங்கச்சியிடம் பேசும் முன் ஒரு தாளில் எழுதிவை. அவளும் தனியாக எழுதட்டும். இரண்டையும் அப்படியே எனக்கு அனுப்பு. அப்போதும் சலிப்பாக இருந்தால் அதையும் எழுது, எந்த நிமிடத்தில் சலித்தது என்று சேர்த்து. உன்னோடு வாதாட எனக்கு அது வேண்டும்.

தங்கச்சிக்கும் பொடியனுக்கும் அன்பு. வாத்தியாருக்கு ஒரு போன் போடு.

உன்
மாப்ளே