கட்டணத்துக்கு என்ன துடிப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி நேரத்து விமானக் கட்டணம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில் 'டைனமிக் பிரைசிங்' என்பதைத் 'துடிப்பான கட்டணம்' என்று போட்டிருந்தீர்கள். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி பேப்பரை என்னிடம் நீட்டி, "சார், கட்டணத்துக்கு என்ன துடிப்பு? கூடுதா, குறையுதா?" என்று கேட்டார். மகளைப் பார்க்க டெல்லிக்கு டிக்கெட் போட நினைத்திருப்பவர். அவருக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அது அந்தச் சொல்லில் இல்லை.

32 ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். 'டைனமிக்' என்பதற்கு மூலம் 'டைனமிஸ்' என்ற கிரேக்கச் சொல்; அதற்கு வலிமை, ஆற்றல் என்று பொருள். ஆல்பிரட் நோபல் 1867இல் காப்புரிமை பெற்ற வெடிபொருளுக்கு டைனமைட் என்று பெயர் வைத்தது அதிலிருந்துதான். இயற்பியலுக்குள் வந்தபோது அந்தச் சொல் இயக்கத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அசையாமல் நிற்கும் பொருள்களைப் பற்றியது நிலையியல். விசை பட்டுப் பொருள் எப்படி நகர்கிறது என்று பார்ப்பது டைனமிக்ஸ், தமிழில் இயக்கவியல்.

வகுப்பில் இதற்கு சைக்கிளைத்தான் கொண்டுவருவேன். டைனமோவைச் சக்கரத்தோடு சாய்த்துவிட்டு ஒரு பையனை மிதிக்கச் சொல்வேன். வேகம் கூடினால் விளக்கு பளிச்சென்று எரியும், மெதுவானால் மங்கும், நின்றால் அணைந்துவிடும். திருவிழா மேடையில் பாடகர் கையில் இருக்கும் டைனமிக் மைக்கும் அப்படித்தான். குரல் பட்டு உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்தால்தான் மின்சாரம் பிறக்கும்.

கட்டணத்துக்குச் சொல்லும் டைனமிக் இந்த வழியில் வந்தது. ஓரிடத்தில் நிற்காமல், தேவைக்கேற்ப நகர்ந்துகொண்டே இருப்பது. 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் இதே முறை வந்தது. ஒவ்வொரு 10 சதவீத இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறியது, ஒன்றரை மடங்கு வரை. அப்போது சென்னையிலிருந்து கோவைக்குச் சதாப்தியில் போனவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆளைப் பற்றி என்றால் சரி, 'துடிப்பான கலெக்டர்' என்று தாராளமாக எழுதுங்கள். கட்டணத்துக்கு 'மாறும் கட்டணம்' போதும். 'தேவைக்கேற்ப மாறும் கட்டணம்' என்றால் இன்னும் நல்லது; தலைப்பில் இடம் இல்லாவிட்டால் செய்தியின் முதல் வரியிலாவது அப்படிப் போடுங்கள். அண்ணாச்சிக்கு நான் விளக்கிச் சொன்னேன். அன்று மாலையே டிக்கெட் போட்டுவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
விருதுநகர்