பாரிஸ் ஆட்டத்தை மஞ்சக்குப்பத்துக்குக் கொண்டுவந்தவர்களுக்கு

கடலூர் மக்களுக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாலையில் ஹாக்கி ஆடுகிற பிள்ளைகளின் பெற்றோர் சார்பில் எழுதுகிறேன். 2024 ஆகஸ்ட் 4, ஒலிம்பிக் கால் இறுதி, இந்தியாவும் பிரிட்டனும். நம்ம நேரம் பகல் ஒன்றரை மணி. அதை ஒரு கல்யாண மண்டபத்தில் புரொஜெக்டரில் எல்லாருக்கும் போட்டுக் காட்டலாம் என்று ஏற்பாடு செய்தோம். அன்றைக்கு ஆடி அமாவாசை வேறு. தேவனாம்பட்டினத்தில் தர்ப்பணம் கொடுத்து, வீட்டில் படையல் போட்டு முடிக்கவே மணியாகிவிடும், யார் வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தோம். சாப்பிட்ட கையோடு குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்தீர்கள்.

முதல் நன்றி மண்டபக்காரருக்கு. "ஆடியில் ஏது முகூர்த்தம், சும்மா பூட்டித்தானே கிடக்குது" என்று சாவியைக் கொடுத்தார். கரண்ட் பில்கூடக் கேட்கவில்லை. புரொஜெக்டரை வாடகை வாங்காமல் கொண்டுவந்தார் வீடியோக்காரத் தம்பி. ஆனால் போட்டுப் பார்த்தால் பகல் வெளிச்சத்தில் பந்து எங்கே, ஆள் எங்கே ஒன்றும் தெரியவில்லை. பந்தல்காரருக்குப் போன் போட்டோம். கோயில் கூழ் ஊற்றுகிற வேலையே தலைக்கு மேல் இருக்கிற மாதம் அவருக்கு. இருந்தும் ஷாமியானா துணிகளோடு வந்து, சணல் கயிற்றில் ஜன்னல் ஜன்னலாகக் கட்டி இருட்டாக்கிக் கொடுத்தார்.

அப்புறம் எங்கள் பி.டி. சார். மைக்கைப் பிடித்தவர் கடைசி வரை விடவில்லை. 17-ஆவது நிமிடம் அமித் ரோகிதாசுக்குச் சிவப்பு அட்டை. பாதிப் பேருக்கு விஷயமே புரியவில்லை. "இனிமேல் நமக்குப் பத்துப் பேர்தான். பெனால்டி கார்னரில் முதலில் பாய்ந்து பந்தை மறிக்கிறவரே அவர்தான்" என்று சார் சொன்னதும் மண்டபமே கப்சிப். ஹர்மன்பிரீத் கோல் போட்டார், அவர்கள் சமன் செய்தார்கள், அதற்குப் பிறகு 1-1 என்று நம்மவர்கள் இழுத்துப் பிடித்ததைத்தான் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள். ஷூட் அவுட் வந்ததும் சார் அதையும் விளக்கினார்: 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு ஓடி, 8 நொடிக்குள் கோல்கீப்பரைத் தாண்டி உள்ளே தள்ளிவிட வேண்டும். பின்வரிசையில் ஓர் ஆயா ஒவ்வொரு தடவையும் சத்தமாக எட்டு எண்ணினார். 4-2 என்று ஜெயித்தோம். ஆயாவுக்கும் நன்றி!

அரை இறுதியில் ஜெர்மனியிடம் தோற்றோம், போகட்டும். ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கியது வேலைநாளில், அவரவர் வீட்டில் பார்த்தோம். இந்திய கோல்கீப்பர் ஸ்ரீஜேஷுக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

எங்கள் கோல்கீப்பர் ஒரு பெண்பிள்ளை. பழைய கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டுதான் நின்றுகொண்டிருந்தாள். வெண்கல ஆட்டம் முடிந்த மறுநாள், யாரோ ஒருவர் ஹாக்கி கோல்கீப்பர் பேடு ஒரு ஜோடி வாங்கி, பெயர் சொல்லாமல் டீக்கடையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவளுக்குக் கொஞ்சம் பெரிசுதான். வாரில் புது ஓட்டை போட்டு இறுக்கியிருக்கிறோம். இந்தியப் பெண்கள் அணி பாரிசுக்குத் தகுதி பெறவில்லை என்பதில் அவளுக்கு எல்லாரையும்விடக் கோபம் அதிகம். பேடு கொடுத்தவர் ஒரு நாள் மாலை மைதானத்துக்கு வந்தால், அவள் பந்து தடுப்பதைக் காட்டுகிறோம். பெயர் கேட்க மாட்டோம்.

பின்குறிப்பு: மண்டபத்தில் ஒரு நீலக் குடையும் குழந்தைச் செருப்பு ஒரு ஜோடியும் கிடந்தன. டீக்கடையில் வந்து வாங்கிக்கொள்ளவும்.