காசு கேட்பதில்லை, காகிதம் கேட்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எந்தத் தடையும் இல்லை என்று தங்கள் தலையங்கம் சொல்கிறது. புறநோயாளிச் சீட்டு வரைக்கும் அது சரிதான். பெயரும் வயதும் சொன்னால் சீட்டு கிடைக்கும், மாத்திரைக்கும் காசு இல்லை. படுக்கையில் சேர்த்துப் பெரிய சிகிச்சை செய்ய வேண்டும், அதைக் காப்பீட்டில்தான் செய்ய முடியும் என்று வரும்போதுதான் கதை மாறுகிறது.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர இங்குள்ள குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். பீகாரிலிருந்து வந்தவரிடம் இவை இரண்டுமே இருக்காது. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கியிருப்பவர்கள் உரிய அதிகாரியின் பரிந்துரையோடு சேரலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதத்துக்கு அலைய ஒரு வேலைநாளாவது போகும். அதற்கு ஆதாரமாக ‘இவர் என்னிடம்தான் வேலை செய்கிறார்’ என்று எழுதிக் கொடுக்க ஒப்பந்ததாரர் முன்வர மாட்டார். எழுதினால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கேள்விகள் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்தது மத்திய அரசின் ஆயுஷ்மான் மருத்துவக் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம், நாட்டில் எந்த மாநிலத்திலும் செல்லும் என்பது ஏட்டில் இருப்பது. நடைமுறையில் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருப்பவர் வழக்கம்போலத் தமிழ்நாட்டுப் பட்டியலில் தேடுவார், பெயர் வராது, ‘உங்களுக்குத் திட்டம் இல்லை’ என்று அனுப்பிவிடுவார். தேடும் பக்கத்தில் நோயாளியின் சொந்த மாநிலத்தைத் தேர்வு செய்து ஆதார் எண் கொடுத்தால் அதே பெயர் வரும். வந்த பிறகும் ஓடிபி ஒன்று இருக்கிறது. ஆதாரில் பதிந்த கைப்பேசி எண் ஊரில் தம்பியிடம் இருக்கும், அல்லது அந்த சிம் செத்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். சரி, கைரேகை வைக்கலாம் என்றால் சிமெண்டிலும் சாயப்பட்டறையிலும் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்பதில்லை. கருவிழி அல்லது முகம் காட்டிச் சரிபார்க்க வழி உண்டு; அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆதாரில் கைப்பேசி எண் மாற்ற ஊருக்குப் போக வேண்டியதில்லை, ஆவணமும் வேண்டாம், எந்த ஆதார் மையத்திலும் 75 ரூபாயில் முடியும். நோய் வருவதற்கு முன்பே ஒவ்வொருவரும் செய்துவைக்க வேண்டிய ஒரே வேலை இதுதான்.

அட்டை இருந்தாலும் தனியார் மருத்துவமனைகள் தயங்குவதற்கு இன்னொரு காரணம், பணம் தர வேண்டியது நோயாளியின் சொந்த மாநிலம் என்பது. அங்கிருந்து வந்து சேர நாளாகும். தவிர, எல்லா மாநிலமும் இத்திட்டத்தில் தொடர்ந்து இருந்ததும் இல்லை. மேற்கு வங்கம் 2019 ஜனவரியில் விலகியது. ஒடிசா 2025 ஜனவரியில்தான் சேர்ந்தது. அரசியல் எங்கோ நடக்கிறது, அறுவைச் சிகிச்சை தள்ளிப்போவது திருப்பூரில்.

இ.எஸ்.ஐ. இருந்தால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி இல்லை. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்குத் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். சிகிச்சை பதிவான நாளிலிருந்தே உண்டு. நோய்க்கால உதவித்தொகைக்குத்தான் ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா வேண்டும். இங்கே நடப்பது என்னவென்றால், பண்டிகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் தொழிலாளி வேறு பவர்டேபிளில் (கூலிக்குத் துணி தைத்துத் தரும் சிறு பட்டறையில்) சேர்கிறார், அங்கே புது எண் போடுகிறார்கள், பழைய சந்தா அந்தரத்தில் நிற்கிறது. இ.எஸ்.ஐ. எண் ஆயுளுக்கும் ஒன்றுதான் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வேலையில் விரல் போனால் நிலைமை இன்னும் மோசம். பக்கத்துத் தனியார் கிளினிக்கில் தையல் போட்டு, கையில் கொஞ்சம் காசு கொடுத்து ரயில் ஏற்றிவிடுகிறார்கள். இ.எஸ்.ஐ.க்குப் படிவம் 12-இல் விபத்து அறிக்கை போகாததால் நிரந்தர ஊன உதவித்தொகைக்கு அவர் பிறகு முட்டிமோத வேண்டும்.

காசநோய்க்கு நாடு முழுவதும் மருந்து இலவசம், எந்த அட்டையும் தேவையில்லை. ஆனாலும் நோயாளி பாதியில் நழுவுகிறார். ஆறு மாதச் சிகிச்சையில் முதல் 2 மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து. இரண்டு மாதத்தில் இருமல் அடங்கும், எடை ஏறும். அந்த நேரம் பார்த்துக் கட்டட வேலை முடிந்து மேஸ்திரி ஆட்களை வேறு மாவட்டத்துக்குக் கூட்டிப்போவார். கிளம்புவதற்கு முன் சொன்னால் நிக்‌ஷய் என்ற காசநோயாளர் இணையதளப் பதிவை அதே எண்ணில் புது ஊருக்கு மாற்றி, வழிக்கு மாத்திரையும் கொடுத்தனுப்புவார்கள். சொன்னால் வேலை போகும் என்ற பயத்தில் பலர் சொல்வதில்லை. 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்த ஊட்டச்சத்துத் தொகையும், வங்கிக் கணக்கு முடங்கிக் கிடப்பதால் பலருக்கு வந்து சேர்வதில்லை.

நேரத்தையும் சொல்லியாக வேண்டும். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவர் பூட்டைத்தான் பார்ப்பார். ஞாயிறு ஒரு நாள்தான் அவருக்கு ஓய்வு. அப்படியே போனாலும் மருந்துக் கவரில் தமிழில் எழுதித் தருவதை அவரால் படிக்க முடியாது. மருந்து சாப்பிடும் வேளையைக் காட்ட சூரியன், பாதிச் சூரியன், நிலா என மூன்று படம் அச்சிட்ட கவர் போதும். எழுத்தறியாத தமிழர்களுக்கும் அது உதவும்.

காகிதம் கேட்காமல் சிகிச்சை கொடுப்பது நடக்காத காரியம் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் ஆனாலும் முதல் 48 மணி நேரம் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை, வருமானச் சான்று எதுவும் கேட்பதில்லை. சாலையில் அடிபட்டவருக்கு உள்ள இந்த வசதி, சாரத்திலிருந்து விழுந்தவருக்கும் மாரடைப்பு வந்தவருக்கும் இல்லை. முதல் 48 மணி நேரத்துக்காவது அவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். ஆறு மாதத் தங்கலுக்கான பரிந்துரையை, ஒப்பந்ததாரர் கையெழுத்து இல்லாமல், வாடகை ரசீதையோ தொழிற்சங்கக் கடிதத்தையோ வைத்து ஞாயிற்றுக்கிழமை முகாமிலேயே கொடுக்க மாவட்ட ஆட்சியர்கள் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
தொழிலாளர் உதவி மையப் பணியாளர்,
திருப்பூர்