கிராம சபைக்கு முந்தைய வாரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு கிராம சபைக் கூட்டத்துக்கும் மறுநாள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைப் புரட்டினால் வாக்குவாதம், வெளிநடப்பு, போதிய ஆட்கள் வராததால் ஒத்திவைப்பு என்ற செய்திகளே அதிகம் கண்ணில் படுகின்றன. படிப்பவர்களும், மக்களுக்கு அக்கறை இல்லை என்றோ, உள்ளூர் அரசியல் கூட்டத்தைக் கெடுத்துவிட்டது என்றோ முடிவுகட்டிவிடுகிறார்கள். ஊரக வளர்ச்சித் துறையில் பணியாற்றிய காலத்தில் பல ஊராட்சிகளின் கிராம சபைகளுக்குப் பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கண்காணிக்க அரசு அனுப்பும் அலுவலராகச் சென்றவன், ஓய்வுக்குப் பின் சொந்த ஊரில் வாக்காளராகத் தார்ப்பாயில் உட்கார்ந்து கவனிப்பவன் என்ற முறையில், இந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. முந்தைய வாரத்தில் எந்த ஆயத்தமும் செய்யாமல் கூட்டுவதாலும், தலைமை தாங்குவது என்றால் என்ன என்று தலைவர்களுக்கு யாரும் கற்றுத் தராததாலுமே கூட்டங்கள் கெடுகின்றன என்பது என் உறுதியான கருத்து.

1992ஆம் ஆண்டின் 73ஆவது திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் தந்தது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அனைவரையும் அதன் உறுப்பினராக்கி, ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தரவும், தணிக்கை அறிக்கையைப் பார்க்கவும், நடக்கும் பணிகளைக் குறித்துக் கேட்கவும் அவர்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் நடக்கின்றன. மாநிலத்தில் உள்ள 12,000க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் ஒரே காலையில் கூடுகின்றன. உரிமையிலும் நாளிலும் குறை ஒன்றும் இல்லை.

பெரும்பாலான ஊர்களில் நடப்பதைச் சொல்கிறேன். பள்ளி வளாகத்தில் சாமியானா போட்டிருக்கும். நாற்காலிகளில் பற்றாளரும் துறை அலுவலர்களும் இருப்பார்கள். எதிரே தார்ப்பாயில் பெண்கள் இருப்பார்கள். ஆண்கள் வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருப்பார்கள். மாவட்டத்திலிருந்து வந்த கூட்டப்பொருள் பட்டியலை ஊராட்சிச் செயலர் மைக்கில் மூச்சு விடாமல் வாசிப்பார். டெங்கு தடுப்பு, நெகிழி ஒழிப்பு, மழைநீர்ச் சேகரிப்பு, வரி வசூல் என்று அது நீண்டுகொண்டே போகும். அவர் வாசிக்கும்போதே தீர்மானப் பதிவேடு கையெழுத்துக்காகக் கைமாறத் தொடங்கிவிடும். மேலே தீர்மானம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்க, கீழே கையெழுத்துகளும் கைநாட்டுகளும் நிரம்பும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 10,000க்கு மேற்பட்டதில் 300 பேர் என்று குறைவெண் வரம்பு இருப்பதால், அந்த எண்ணிக்கையை எட்டிவிட்டாலே கூட்டம் நடந்துவிட்டதாக எல்லோரும் கருதிவிடுகிறார்கள். பட்டியல் முடிந்ததும் ‘யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா’ என்று பொதுவாக ஒரு கேள்வி வரும். ஒருவர் தன் தெருக் குழாயைப் பற்றிக் கேட்பார். பதில் அவருக்கு நிறைவளிக்காது. அவருக்காக நான்கு பேரும் அவருக்கு எதிராக நான்கு பேரும் எழுந்துவிடுவார்கள். அதற்குள் மணி ஒன்றாகிவிடும். அங்கன்வாடிக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுவதைச் சொல்வதற்காகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு பெண், உலை வைக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போனதைக் கண்டிருக்கிறேன். அன்றைய பதிவேட்டில் அந்தக் கூரையைப் பற்றி ஒரு வரிகூட ஏறவில்லை.

இந்தப் பெண்களுக்குக் கூட்டம் நடத்தத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கிவைத்த சுய உதவிக் குழுக்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. நன்றாக நடக்கும் ஒரு குழுவின் கூட்டத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் போதும். நாளும் நேரமும் இடமும் மாறுவதில்லை. வருகைப் பதிவு முடிந்ததும் போன கூட்டத்தின் தீர்மானம் வாசிக்கப்படும். அதன் பிறகு சேமிப்பு, கடன் தவணை, யாருக்குப் புதிய கடன், எதற்காக என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடன் கேட்பவர் காரணத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் அதைக் கேட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். குழுவை வழிநடத்தும் ஊக்குநர் அதிகம் பேசமாட்டார். பேசாமல் இருப்பவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்பார். வாரந்தோறும் இப்படிக் கூட்டம் நடத்துகிறவர்களே கிராம சபைப் பந்தலில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால், மாற்ற வேண்டியது பந்தலின் நடைமுறையைத்தான்.

முறையாக நடத்திய தலைவர்களும் உண்டு. நான் பற்றாளராகச் சென்ற ஓர் ஊராட்சியில், முதல் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவர் ஒருவர் இருந்தார். மேடைப்பேச்சு அவருக்கு வராது. ஆனால் முந்தைய வாரமே வார்டு உறுப்பினர்களையும் செயலரையும் உட்காரவைத்து, மாவட்டப் பட்டியலில் ஊர் முடிவெடுக்க வேண்டியவை எவை, மக்களுக்குத் தெரிவித்தால் போதுமானவை எவை என்று பிரித்துவிட்டார். தெரிவிக்க வேண்டியவற்றைத் துண்டறிக்கையாக அச்சடித்து ரேஷன் கடையில் கொடுக்கச் செய்தார். முடிவெடுக்க வேண்டியவையாக மிஞ்சியவை சிலவே. அவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் பால் சொசைட்டியிலும் காலனி முகப்பிலும் ஒட்டினார். ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்ற விதியை எல்லோரும் கடைப்பிடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொல்லிச் செல்வதற்கும், எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஊரில்தான் பார்த்தேன். வேலைக்குப் போகிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவதற்குத் தன் தெருவைப் பற்றிய ஒரு வரியாவது அந்த அறிவிப்பில் இருக்க வேண்டாமா?

படிவம் 30இன்படியான வரவு செலவுச் சுருக்கத்தைக் கூட்டத்தன்று பந்தலில் பிளெக்ஸ் பேனராகக் கட்டுவது வழக்கம். அவர் அதைச் சில நாட்கள் முன்பே அலுவலகச் சுவரில் கட்டிவிட்டார். கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் அலுவலகத்துக்கே வந்து கேட்டார்கள். பில்லையும், செய்த பணியின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டி விளக்கினார்கள். விளக்கம் போதாமல் நின்ற ஒரு மோட்டார் பழுதுச் செலவு மட்டும் கூட்டத்துக்கு வந்தது. வழக்கமாகக் கூட்டத்தையே விழுங்கிவிடும் கணக்கு விவகாரம் அங்கே கால் மணி நேரத்தில் முடிந்தது. முதியோர் உதவித்தொகை, பட்டா, குடும்ப அட்டை போன்ற தனிப்பட்ட மனுக்களுக்குப் பந்தலின் ஓரத்தில் தனி மேசை போட்டு, கிராம நிர்வாக அலுவலரை அங்கே உட்காரக் கேட்டுக்கொண்டதால், பொதுவான பேச்சின் நடுவே மனுக்கள் நுழையவில்லை.

கூட்டம் தொடங்கியதும் முதல் பொருளாகப் போன கூட்டத்தின் தீர்மானங்களை எடுத்தார்கள். எது முடிந்தது, எது எந்த அலுவலகத்தில் நிற்கிறது, எதற்கு நிதி இல்லை என்பதைச் செயலர் வாசித்தார். முடியாததை முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக யாரும் சண்டைக்கு வரவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். மழுப்பும்போதுதான் கோபம் வருகிறது. வழக்கமாகத் தாய்க்கிராமத்தினர் முந்திக்கொள்வதால், பேசும் வரிசையைத் தொலைவில் உள்ள குக்கிராமத்திலிருந்தும் காலனியிலிருந்தும் தொடங்கினார். ஆழ்துளைக் கிணறு ஒப்பந்ததாரரைப் பற்றி ஒருவர் உரத்த குரலில் பேசத் தொடங்கியபோது, அந்தத் தலைவர் அவரை அடக்கவும் இல்லை, பதிலுக்குப் பேசவும் இல்லை. அவர் சொல்வதைச் செயலரை எழுதச் சொல்லி, மைக்கில் வாசிக்கவைத்து, ‘நீங்கள் சொன்னது இதுதானே அண்ணே’ என்று கேட்டார். தம் சொல் அப்படியே ஏட்டில் ஏறிவிட்டதைக் காதால் கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். பள்ளியிலிருந்து கரும்பலகை ஒன்றை எடுத்துவந்து, கோரிக்கை, பொறுப்பாளர், கெடு என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொரு முடிவையும் எல்லோரும் பார்க்க எழுதினார்கள். அதையே பதிவேட்டில் ஏற்றி வாசித்த பிறகுதான் கையெழுத்து வாங்கினார்கள். இவற்றுக்கு ஆன கூடுதல் செலவு துண்டறிக்கை அச்சுக்கூலி மட்டுமே.

தலைமை என்பது பேச்சுத் திறமையோ ஊரில் உள்ள செல்வாக்கோ என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரின் பணி, கப்பலில் சுக்கான் பிடிப்பவரின் பணியைப் போன்றது. துடுப்புப் போடுவது அவர் வேலையில்லை. எந்தப் பொருளுக்கு எவ்வளவு நேரம், யார் இன்னும் பேசவில்லை, பேச்சு எங்கே தடம் மாறியது, முடிவு எட்டப்பட்டதா என்ற நான்கிலும் அவர் கண்ணாக இருந்தால் போதும். உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு உள்ள மாநிலத்தில், தலைவராக வரும் பெண்களில் பலர் மகளிர் குழுக்களில் இதைப் பழகியவர்களே. அவர்களுக்குப் பதிலாகக் கணவரோ உறவினரோ மைக்கைப் பிடிப்பதைப் பற்றாளர்கள் அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும்.

28 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதை அறிவோம். ஓர் ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரே அலுவலர் பொறுப்பாக இருக்கும்போது, ஒரே காலையில் எல்லாப் பந்தல்களிலும் அவர் தலைமை தாங்க முடியாது. இத்தகைய காலங்களில் முந்தைய வாரத்து ஆயத்தம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கூட்டத்தை நெறிப்படுத்த ஊரிலேயே பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு அண்டை மாநிலமே முன்னுதாரணம். கேரளத்தில் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அங்கே கிராம சபை வார்டு அளவில் கூடுகிறது. தொடக்கத்தில் சிறிது நேரம் பொது அமர்வு நடத்தி, பிறகு வேளாண்மை, கல்வி, குடிநீர் என்று துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து பேச வைத்தார்கள். பேச்சை நெறிப்படுத்தப் பயிற்சி பெற்ற ஆட்களை ஆயத்தம் செய்திருந்தார்கள். ஆயிரம் பேர் முன்னால் மைக் பிடிக்கத் தயங்குகிற பெண், இருபது பேர் நடுவில் தயங்கமாட்டார். நம் ஊராட்சிகளில் ஒரே பந்தலின் நான்கு மூலைகளில் இதைச் செய்வதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

ஊரக வளர்ச்சித் துறைக்கு என் வேண்டுகோள்கள் இவை. மாவட்டங்களிலிருந்து அனுப்பும் கூட்டப்பொருள் பட்டியலைச் சுருக்கி, பாதி நேரத்தையாவது ஊரின் சொந்தப் பொருள்களுக்கு விட வேண்டும். போன கூட்டத் தீர்மானங்களின் நிலை என்பதை முதல் பொருளாக்கி, அதை எழுத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்குவதைப் பற்றாளர்கள் அனுமதிக்கக் கூடாது. ஒவ்வோர் ஊராட்சியிலும் மகளிர் குழு ஊக்குநர்களில் சிலரையும் படித்த இளைஞர்களில் சிலரையும் தேர்ந்து, கூட்டம் நெறிப்படுத்த ஒருநாள் பயிற்சியாவது தர வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கிராம சபை நாளன்று ஊர்களுக்குச் செல்லும் செய்தியாளர்கள், அங்கே எழும் வாக்குவாதத்தோடு சேர்த்து, போன கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானங்களின் பட்டியலைச் செயலரிடம் கேட்டு வாங்கி, அவற்றில் எவை முடிந்தன, எவை முடியவில்லை என்பதையும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஊரக வளர்ச்சித் துறை அலுவலர் ஒருவர்