ஐரோப்பா போகும் மாணவர்கள் மருந்துக்கடைக்குப் போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவம், நர்சிங், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்களை, ஐரோப்பிய நாடுகளின் சுகாதார முறைகளைப் பார்க்க அழைத்துச் செல்லும் கல்லூரிகளுக்காக இதை எழுதுகிறோம். பத்து நாளில் ஐந்து நாடு என்று திட்டம் போட்டால் மாணவர்கள் பார்த்துத் திரும்புவது மருத்துவமனை வரவேற்பறைகளைத்தான். ஒரு நாட்டின் முறை கட்டடத்தில் தெரியாது. சிகிச்சைக்கான பணத்தை யார், எப்போது, எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதில்தான் தெரியும். அது கண்ணுக்குப் படும் இடம் மருந்துக்கடை.

ஒரே நோயை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று நாடுகளில் பின்தொடர்வதே நல்ல வழி. சர்க்கரை நோய் இதற்கு ஏற்றது. இங்கிலாந்தில், 1948 ஜூலை 5 முதல் பெரும்பாலும் வரிப்பணத்தில் நடக்கும் என்.எச்.எஸ். (தேசியச் சுகாதாரச் சேவை) முறையில், சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும் நோயாளி 9.90 பவுண்டு கட்ட வேண்டும். ஆனால் சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் விலக்குச் சான்று வாங்கி வைத்திருந்தால் எந்த மருந்துக்கும் பணம் இல்லை. பிரிஸ்டலில் இதைக் கேட்டறிந்துவிட்டு ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் கார்டிஃப். அங்கே, பிரிட்டனின் இன்னொரு பகுதியான வேல்ஸில், 2007 முதல் யாருக்குமே மருந்துச்சீட்டுக் கட்டணம் கிடையாது. என்.எச்.எஸ். என்ற ஒரே பெயருக்குள் வேறு வேறு விதிகள் இருப்பதை மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

பிரான்சில் சர்க்கரை நோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அதற்கான சிகிச்சைக்கு அரசு நிர்ணயித்த கட்டணத்தை முழுவதும் பொதுக் காப்பீடே ஏற்கும். அதே ஊரில் வெறும் சளிக்காகத் தன் குடும்ப மருத்துவரிடம் போகிறவருக்கு 30 யூரோ ஆகும்; அதில் 70 சதவீதமான 21 யூரோவில் 2 யூரோ பிடித்தம் போக 19 யூரோ திரும்ப வரும். மீதியில் பெரும்பகுதியைத் துணைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும்.

ஜெர்மனியில் 1883-இல் சான்சலர் (அரசுத் தலைமை அமைச்சர்) பிஸ்மார்க் காலத்தில் வந்த காப்பீட்டுச் சட்டத்தின் வழிதான் இன்றும் தொடர்கிறது. காப்பீட்டுச் சந்தா சம்பளத்தில் 14.6 சதவீதம்; தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி. 3,000 யூரோ சம்பளம் என்றால் ஆளுக்கு 219 யூரோ. காப்பீட்டு நிதியத்துக்கு நிதியம் மாறும் கூடுதல் சந்தா தனி. மருந்துக்கடையில் நோயாளி கட்டுவது விலையில் 10 சதவீதம், குறைந்தது 5, அதிகபட்சம் 10 யூரோ. நாள்பட்ட நோயாளிக்கு இத்தகைய செலவு குடும்ப ஆண்டு வருமானத்தில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மற்றவர்களுக்கு 2 சதவீதம்.

மாணவர் அறிக்கைகளில் அதிகம் வரும் தவறு, "பிரிட்டனில் எல்லாருக்கும் இலவசம்" என்பது. அந்த உரிமை அங்கே குடியிருப்பதைப் பொறுத்தது. நம் மாணவர் ஒருவருக்கே உடம்பு முடியாமல் போனால் அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம். ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் இங்கிலாந்தில் அந்தச் சிகிச்சைக்கு என்.எச்.எஸ். நிர்ணயித்த விலையில் 150 சதவீதம் கேட்பார்கள். பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ காப்பீடு பிரிட்டனுக்கும் செல்லுமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

விசாவில் குழு மாட்டிக்கொள்வது பாரிஸ், லண்டன், பெர்லின் என்ற வரிசையில்தான். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. ஒருமுறை நுழைவு விசாவோடு லண்டன் போனால் மறுபடி பெர்லினுக்குள் விடமாட்டார்கள். லண்டனை முதலிலோ கடைசியிலோ வையுங்கள். இல்லையென்றால் பலமுறை நுழைவு விசா கேளுங்கள்.

மருத்துவமனைக்குள் போக சில மாதங்கள் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். தட்டம்மை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்று, ரகசியக் காப்பு உறுதிமொழி ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். வார்டில் படம் எடுக்கவே கூடாது. பிரெஞ்சு மருத்துவர்கள் பலர் ஆகஸ்டில் விடுமுறையில் இருப்பார்கள். ஜெர்மனியில் புதன்கிழமை மதியத்துக்கு மேல் பல கிளினிக்குகள் மூடியிருக்கும். மேலே சொன்ன கட்டணங்களும் மாறக்கூடியவை. புறப்படும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியர்கள்,
மதுரை