அமிகாசின் ஊசியும் அண்ணனின் காதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் இருக்கும் என் அண்ணனுக்கு வயது 71, எடை 52 கிலோ. மூன்று மாதத்துக்கு முன் சிறுநீர்த் தொற்றில் குளிர்காய்ச்சல் வந்தது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் எதிரே ‘ஆர்’ (கிருமி அசையாது), அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசிக்கு மட்டும் ‘எஸ்’ (கிருமி கட்டுப்படும்). பக்கத்து நர்சிங் ஹோமில் காலை 500, மாலை 500 மில்லிகிராம் என்று 10 நாள் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டது. ஆனால் அண்ணி வைக்கும் குக்கரின் விசில் இப்போது அவருக்குக் கேட்பதில்லை. ராத்திரியெல்லாம் காதில் ‘ஙொய்’ என்று இரைச்சல்.

நான் 26 வருடம் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தவள். அப்போது கோவையில் மகள் வீட்டில் இருந்துவிட்டேன் என்பது இன்னும் உறுத்துகிறது. அமிகாசினைத் தேர்ந்தெடுத்தது தவறில்லை. அதே குடும்பத்து ஜென்டாமைசினைச் செயலிழக்கச் செய்யும் கிருமிகளின் நொதிகள் பலவற்றை அது தாங்கி நிற்கும். கோளாறு அளவில்தான். வழக்கமான கணக்கு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். அண்ணனுக்கு அது 780. உள்ளே போனது 1000. அதுவும் ரத்தத்தில் கிரியாட்டினின் 1.6 உள்ளவருக்கு, அதாவது சிறுநீரகம் தளர்ந்தவருக்கு! இந்த மருந்து உருமாறாமல் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கால் வீக்கத்துக்கு அவர் ஃபுரோசமைட் என்ற நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் யாரும் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் காதுக்கு ஆபத்து கூடும்.

இரண்டு வேளையாகப் பிரித்தால் உடம்பு தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். பெனிசிலின் வகைக்கு அப்படிப் பிரிப்பது சரி. அங்கே ரத்தத்தில் மருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அமிகாசின் அதற்கு நேர்மாறு. ஒரே தடவையில் அளவு உச்சத்துக்கு ஏறினால்தான் கிருமி வேகமாகச் சாகும். மருந்து வடிந்த பிறகும் சில மணி நேரம் கிருமி தலைதூக்காது. அந்த இடைவெளியில்தான் சிறுநீரகமும் காதும் மருந்திலிருந்து விடுபடும். அதனால்தான் பெரும்பாலோருக்கு நாளைக்கு ஒரே ஊசி. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இடைவெளி இன்னும் நீள வேண்டும்.

இதே குடும்பத்து ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் இரண்டும் உள்காதின் சமநிலைப் பகுதியைத்தான் அதிகம் தாக்கும். ஆள் தள்ளாடுவார், வீட்டில் தெரிந்துவிடும். அமிகாசின் கேட்கும் பகுதியை, அதிலும் முதலில் உச்ச ஒலிகளைப் பறிக்கும். பேச்சு கேட்கும், விசில் போய்விடும். சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் சரியாகிவிடும். உள்காதின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது.

எடையும் கிரியாட்டினினும் எழுதாத சீட்டுக்கு இந்த ஊசி மருந்தைத் தரக் கூடாது என்று சுகாதாரத் துறை விதி செய்ய வேண்டும். ஊசிக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிரியாட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காதில் இரைச்சல் வந்தால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அண்ணனுக்கு ஆறாம் நாளே இரைச்சல் வந்திருக்கிறது. காய்ச்சல் அசதி என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார்.

ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
பெரம்பூர், சென்னை – 11